கழுவாதே, ஒற்றி எடு: தேங்காய் நார்த்தூளின் பழைய கதை

போன ஐப்பசி மழையின்போது நம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்னச் சம்பவம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போது கேன் சரிந்து, ஏழெட்டு லிட்டர் தரையில் ஓடிவிட்டது. சத்தம் கேட்டு வந்த வாட்ச்மேன் நல்ல எண்ணத்தோடு ஹோஸ் பைப்பை இழுத்து வந்தார். இன்னொரு கையில் சோப்புத்தூள். அடித்துக் கழுவிவிட்டால் ஐந்து நிமிட வேலை என்பது அவர் கணக்கு. நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

தடுத்தது நம் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாதான். "தண்ணி ஊத்தாதீங்கண்ணே, எல்லா எடத்துக்கும் போயிரும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். மாடித் தோட்டத்துக்கு வாங்கி, உதிர்த்தது போக மிச்சம் இருந்த தேங்காய் நார்த்தூள் மூட்டையைக் கொண்டுவந்து டீசலைச் சுற்றி வரப்பு மாதிரி கொட்டினார். பிறகு நடுவில் கொட்டினார். அரை மணி நேரத்தில் தூள் கறுத்துக் கனத்துவிட்டது. பெருக்கி அள்ளி, மூடி உள்ள பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டார். தரையில் ஒரு கறை மட்டும் மிஞ்சியது.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அந்த இடத்திலிருந்து நாலு அடியில் இருக்கும் இரும்புக் கிராதி எங்கே போகிறது? நம் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கு. 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சங்கத்தில் எல்லோரும் பணம் போட்டு வெட்டிய உறைக்கிணறு அது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஊரே அலைந்தபோது நமக்குக் கொஞ்சமாவது கைகொடுத்தது நிலத்தடி நீர். ஹோஸ் பைப்பைத் திறந்திருந்தால் டீசலையும் சோப்பையும் சேர்த்து நம் கையாலேயே அதில் இறக்கியிருப்போம்.

அந்த அம்மா செய்ததற்குப் பின்னால் எவ்வளவு பழைய சரித்திரம் இருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒற்றுவதும் தேய்ப்பதும்

நான் வங்கியில் சேர்ந்த 1980களில் எல்லாம் கைப்பேரேடுதான். மை சிந்தினால் புதிதாகச் சேர்ந்தவர் பதறிப்போய்க் கைக்குட்டையால் தேய்ப்பார். ஒரு வரியில் இருந்த மை பத்து வரிக்குப் பரவும். பக்கத்து மேஜைப் பெரியவர் ஒற்றுத்தாளை எடுத்து மேலே வைத்து, விரலால் மெதுவாக அழுத்தி எடுப்பார். மற்ற வரிகள் பிழைத்துக்கொள்ளும்.

வீட்டிலும் அதே பாடம்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் கிண்ணம் கவிழ்ந்தால் பாட்டி தண்ணீர் ஊற்ற விடமாட்டார். அடுப்புச் சாம்பலையோ மாவையோ தூவி, ஊறியதும் வழித்தெடுக்கச் சொல்வார். பாத்திரத்தின் பிசுக்கை எடுப்பதற்கும் தேங்காய் நாரும் சாம்பலும்தான். மயிலாப்பூர்க் கொல்லைப்புறங்களில் நார்ப் பந்து இல்லாத தொட்டி முற்றம் கிடையாது.

சிந்தியதைப் பரப்பாமல் ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி அள்ளுவது. இந்த ஒரு விஷயத்தைத் தேங்காய் மட்டை நன்றாகச் செய்கிறது. அதற்குக் காரணம் அதன் அமைப்பு.

மட்டைக்குள் என்ன இருக்கிறது?

மட்டையைப் பிரித்தால் இரண்டு பொருள். ஒன்று, நீளமான நார். மற்றொன்று, நார்களுக்கு நடுவே தக்கை மாதிரி நிரம்பியிருக்கும் சோறு. நாரைப் பிரித்தெடுக்கும்போது இந்தச் சோறு பழுப்புத் தூளாக உதிர்கிறது. அதுதான் நார்த்தூள், நர்சரிக்காரர்கள் கோகோபீட் என்பது இதைத்தான். ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ தூள் விழும்.

தூளின் ஒவ்வொரு துணுக்கும் தேனடை போல நுண்ணறைகள் நிறைந்தது. அதனால்தான் காய்ந்த தூள் தன் எடையைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் இதில் சுமார் 30 சதவீதம் இருப்பதால் எளிதில் மட்காது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் மறுபடி குடிக்கும்.

நம் கடற்கரைக்காரர்கள் இந்தக் குணத்தை ரசாயனம் படிக்காமலே கண்டுபிடித்திருந்தார்கள்.

துறைமுகம் இல்லாத சென்னை

இன்றைக்குச் சென்னைத் துறைமுகத்தைப் பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாது. சென்னை நகரம் தோன்றி இருநூறு வருடங்களுக்கு மேல் இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழமான இடத்தில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகு வேண்டும்.

அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்திருப்பார்கள். நம் கரையின் அலை அடிக்கும் அடியில் ஆணி அடித்த விறைப்பான படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். பலகைகள் சேரும் இடுக்கில் நாரையோ வைக்கோலையோ திணித்து, அதன்மேல் தையல் போடுவார்கள். தண்ணீர் பட்டதும் அந்தத் திணிப்பு ஊதி, இடுக்கை அடைக்கும். தண்ணீரைக் குடித்தே தண்ணீரைத் தடுக்கும் வேலை அது.

இது சென்னையின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. இந்தியப் பெருங்கடல் முழுவதும் தைத்த படகுகள் ஓடின. 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா தேங்காய் நாரால் கப்பல் தைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் இந்த நாருக்குச் சொல்லும் 'காயர்' என்ற பெயரே நம் 'கயிறு', மலையாளத்தின் 'கயர்' ஆகியவற்றோடு உறவுள்ள சொல்தான்.

1861-ல் இங்கே ஒரு இரும்புப் பாலத்துறை கட்டினார்கள். 1875-ல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதை உடைத்துப்போட்டது. அதைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை நம் ஊர் வியாபாரம் தேங்காய் நாரை நம்பித்தான் நடந்தது.

போர்க்கப்பலுக்குள் போன தூள்

மசூலா படகின் காலம் முடிந்துகொண்டிருந்த அதே 1880களில், இதே யுக்தி ஐரோப்பாவின் இரும்புக் கப்பல்களுக்குள் போனது. எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்த பகுதி இது.

அப்போது பீரங்கிகள் வலுவடைந்துகொண்டிருந்தன. நீர்மட்டத்துக்கு அருகே குண்டு துளைத்தால் கப்பல் மூழ்கிவிடும். பிரெஞ்சுக் கடற்படை அட்மிரல் பல்லு த லா பாரியேர் ஒரு யோசனை சொன்னார். கப்பலின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய அறை. அதில் தேங்காய் மட்டைத் தூளைக் கொஞ்சம் நாரோடு கலந்து இறுக்கமாக அடைத்து வைப்பது. குண்டு துளைத்துப் போனதும், உள்ளே நுழையும் கடல் நீரைத் தூள் குடித்து உப்பி, அந்த ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும்.

பிரான்ஸ் இதைச் சோதித்துத் தன் கப்பல்களில் வைத்தது. 1890களில் அமெரிக்கக் கடற்படையும் எடுத்துக்கொண்டது. பிறகு தேங்காயை வெளியிலிருந்து வரவழைப்பானேன் என்று, தங்கள் ஊரில் குவியும் சோளத்தட்டையின் சோற்றைப் பதிலுக்கு அடைத்தார்கள். கடைசியில் இரண்டையும் கைவிட்டார்கள். ஆனாலும் ஒரு தலைமுறைக் காலம், உலகின் நவீனப் போர்க்கப்பல்கள் சில, நாம் குப்பையில் போடும் தூளை நம்பிக் கடலுக்குப் போயிருக்கின்றன.

நாருக்கு மதிப்பு, தூளுக்குக் குப்பை மேடு

நம் பக்கத்தில் நார் மட்டும் தொழிலாக வளர்ந்தது. 1859-ல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு 1953-ல் கயிறு தொழில் சட்டம் வந்து, அதன்கீழ் கயிறு வாரியம் அமைந்தது. பாய், மெத்தை, கயிறு எல்லாம் விற்பனைக்குப் போயின. தூள் மட்டும் ஆலைக்கு வெளியே மலையாகக் குவிந்தது. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். மட்காது, மழையில் ஊறிப் பழுப்புச் சாயம் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும், வெயிலில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும்.

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் 1860களிலேயே தூளைச் செடி வளர்க்கப் பயன்படுத்தியிருந்தார்கள். பிறகு அது மறந்துபோனது. 1980களின் பிற்பகுதியில், சதுப்பு நிலங்களைத் தோண்டிக் கரிமண் எடுப்பது கூடாது என்ற குரல் அங்கே எழுந்தபோது மாற்றுப் பொருளாக இந்தத் தூள் மறுபடி கவனத்துக்கு வந்தது. இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் சிப்பிக்காளான் வித்தைக் கொண்டு தூளை மட்கவைத்து உரமாக்கும் முறையைப் பரப்பின. இன்று பொள்ளாச்சியிலிருந்து 5 கிலோ கட்டிகளாக உலகம் முழுவதும் போகிறது. நம் மாடித் தோட்டத்துக்கும் வருகிறது. செடி வளர்ப்புக்கு வெளியே, சிந்திய எண்ணெயை உறிஞ்சவும் இதை மூட்டை கட்டி விற்கிறார்கள்.

கடலில் கொட்டிய எண்ணெய்

சிந்திய எண்ணெய் என்றால் உலகம் முதலில் பாடம் படித்தது 1967-ல். டாரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பாறையில் மோதி, சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெயோடு உடைந்தது. பிரிட்டிஷ் அரசு சுமார் 10,000 டன் சோப்பு ரசாயனத்தைக் கடலிலும் கரையிலும் தெளித்தது. எண்ணெய் கண்ணுக்கு மறைந்தது. ஆனால் பாறைகளில் ஒட்டி வாழும் நத்தை, சிப்பி வகைகளை எண்ணெயைவிட அந்த ரசாயனம்தான் அதிகமாகக் கொன்றது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நம் வாட்ச்மேன் கையிலிருந்த சோப்புத்தூளை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, 1969 ஜனவரி 28 அன்று, கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. அங்கே கரையில் வைக்கோலைப் பரப்பி, ஊறியதும் கவைக்கோலால் வாரி எடுத்தார்கள். பழைய ஒற்றுத்தாள் முறைதான்.

அதே ஜனவரி 28, 48 வருடம் கழித்து, நம் ஊருக்கு வந்தது. 2017-ல் அன்று விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவு பெரிதில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். எர்ணாவூர்க் கரையின் கற்களுக்கு நடுவே கறுப்புக் கூழ் வந்து சேர்ந்தபோது உண்மை தெரிந்தது. மெரினா, பெசன்ட் நகர் என்று நாம் காலையில் நடக்கும் கரைகளுக்கும் கறை வந்தது. எண்ணெய் அவ்வளவு தடிப்பாக இருந்ததால் இயந்திரக் குழாய்கள் திணறின. கடலோரக் காவல் படையினர், தீயணைப்பு வீரர்கள், மீனவர்கள், மாணவர்கள் என ஆயிரக்கணக்கானோர் வாளியால் அள்ளினார்கள். வரிசையாக நின்று கைமாற்றிய அந்த வாளிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து கையாலும் குவளையாலும்தான் அள்ளினார்கள்.

இரண்டு தடவையும் தேங்காய்த்தூள் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையும் ஆகாது. தார் போன்ற தடித்த எண்ணெய் தூளின் நுண்ணறைக்குள் எளிதில் நுழையாது. தூளுக்கு எண்ணெயைவிடத் தண்ணீர்மேல்தான் ஆசை அதிகம். கடலில் அப்படியே தூவினால் தண்ணீரைக் குடித்துக் கனத்து அமிழ்ந்துபோகும். அதனால்தான் ஆராய்ச்சிக்கூடங்களில் அதைச் சூடேற்றியோ ரசாயனத்தால் பதப்படுத்தியோ, தண்ணீரை ஒதுக்கி எண்ணெயை மட்டும் ஏற்கும்படி மாற்றிப் பார்க்கிறார்கள். காய்ந்த தரையில் சிந்திய டீசல், எஞ்சின் ஆயில், சமையல் எண்ணெய் இவற்றுக்குத்தான் சாதாரணத் தூள் சரியான கருவி. அதாவது, நம் கார் நிறுத்துமிடம் போன்ற இடங்களுக்கு.

சஸ்பென்ஸ் கணக்கு

இன்னொன்றையும் வங்கிக்காரனாகச் சொல்லவேண்டும். கணக்கு இடிக்கும்போது அந்தத் தொகையைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அன்றைய புத்தகம் நேராகிவிடும். ஆனால் பிரச்சினை தீர்ந்ததாக அர்த்தம் இல்லை. யாராவது ஒருநாள் உட்கார்ந்து அதை நேர்செய்தே ஆகவேண்டும். டீசல் ஊறிய தூளும் அப்படித்தான். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் விஷயத்தில் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பெயிண்ட் டப்பா ஒரு மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. "தேங்காய்த்தூள்தானே, இயற்கைப் பொருள்தானே" என்று ஒருவர் அதை மாடித் தோட்டத்து உரத்தொட்டியில் கொட்டப் போனார். நல்லவேளை, வாசனை காட்டிக்கொடுத்தது. ஜெனரேட்டர் சர்வீஸுக்கு வருகிறவர்கள் பழைய ஆயிலை எடுத்துப் போகும்போது அதையும் சேர்த்து ஒப்படைத்தோம்.

இதையெல்லாம் வைத்துச் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் சில விஷயங்களை முடிவு செய்தோம். வாசகர்கள் தெரிந்துகொள்ளச் சுருக்கமாக:

ஜெனரேட்டர் அறைக்கு வெளியே மூடியுள்ள இரண்டு டிரம்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் காய்ந்த நார்த்தூள், மற்றொன்று ஊறிய தூளைப் போட. தோட்டத்துக்குச் செய்வது போலக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. நனைந்த தூள் எண்ணெயைக் குடிக்காது. சுத்தியலால் உடைத்துக் காய்ந்த நிலையிலேயே உதிர்த்து வைக்கவேண்டும். தூசு பறக்கும், முகக்கவசம் அணியவும்.

சிந்தினால் முதலில் கிராதியின் பக்கம் வரப்புக் கட்டுங்கள். பிறகு சுற்றிலும், கடைசியில் நடுவிலும் தூவி அரை மணி விடுங்கள். பெருக்கி அள்ளுங்கள். கறைக்குக் கொஞ்சம் புதுத்தூள் தூவி, கட்டைத் துடைப்பத்தால் தேய்த்து எடுக்கலாம். எக்காரணத்தாலும் ஹோஸ் பைப் வேண்டாம்.

பெட்ரோல் சிந்தினால் தூளை எடுப்பதற்கு முன்னால் யாரையும் வண்டி கிளப்பவோ சுவிட்ச் போடவோ விடாதீர்கள். தூளும் எரியக்கூடியதே. ஆசிட், பிளீச்சிங் போன்றவற்றின்மேல் தூளைப் போடக்கூடாது. ஊறிய தூள் உரத்தொட்டிக்கோ மாநகராட்சியின் பச்சைத் தொட்டிக்கோ போகக்கூடாது.

கிராதி வழியே நம் கிணற்றுக்குப் போகாதது தெரு வடிகாலுக்குப் போகிறது. மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கத்து வடிகால்கள் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்கின்றன. கால்வாய் அடையாறு ஆற்றில் கலக்கிறது. ஆறு கழிமுகம் வழியாகக் கடலுக்கு. எண்ணூரில் வாளி பிடித்து நின்றவர்களின் கடலும் இதுதான். அங்கே கப்பல் கொட்டியதை நாம் தடுக்க முடியாது. நம் வாசலில் கேன் கொட்டியதைத் தடுக்க முடியும்.

அந்த அம்மாவிடம், இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "எங்க ஊர்ல எண்ணெய்ச் செக்கு இருந்துச்சு சார். கீழ சிந்துனா இதத்தான் போடுவாங்க" என்றார். அட்மிரல் பல்லு த லா பாரியேரைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டு, அந்த மூட்டைக்குப் பதிலாகத் தோட்டத்துக்கு எப்போது வாங்கித் தரப்போகிறீர்கள் என்று கேட்டார். போன வாரம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ரசீது சங்கக் கோப்பில் இருக்கிறது.